கவரிங் செட்டக்கா

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்து காதிலும் கழுத்திலும் கையிலும் எதுவுமே போடாத கல்யாணமான பெண் அவர் ஒருவர்தான். அவர் வீட்டு பீரோவில் இருபத்திமூன்று மணப்பெண்களுக்கு வேண்டிய நகை இருந்தது.

எல்லாம் கவரிங். நெத்திச்சுட்டி, ஜிமிக்கி, நெக்லஸ், ஆரம், வங்கி, வளையல், ஒட்டியாணம் என்று தலையில் தொடங்கி இடுப்பு வரைக்கும் சேர்ந்தது ஒரு செட்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை அவரே கொண்டுவந்து பெண்ணுக்குப் பூட்டுவார். மறுநாள் தாலி ஏறி, பெண் பந்தியில் உட்காருவதற்குள் அவரே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்படி வாடகைக்குக் கொடுப்பவர்கள் ஊரில் நாலைந்து பேர் உண்டு. ஆனால் செட்டக்கா என்றால் அவர்தான்.

நான் கல்யாண போட்டோ எடுப்பவள். பெண் போட்டோகிராபர் என்றால் மணமகள் அறைக்குள் தடையில்லாமல் போய்வரலாம் என்பதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள். நான் போகும்போது அந்த அறையில் எனக்கு முன்னாலேயே அவர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு, இழுத்துக் கட்டிய கொண்டை, வெளிர் நிறத்தில் நூல் புடவை. மடியில் ஒரு பழைய வேட்டித் துணி. ஏழு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ஒருநாள்கூட என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. "ஏ கேமரா, கொஞ்சம் தள்ளு" என்பார். மேக்கப் போடும் பெண் அவருக்கு 'பவுடர்'. ஐயரைக்கூட ஒருமுறை 'மஞ்சத்தண்ணி' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் போகும் கிறிஸ்தவ சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. அவரும் சபையில் சேர்ந்த நாளிலிருந்து போட்டதில்லை. போடாதவர் எதற்கு இந்தத் தொழில் செய்கிறார் என்று கேட்காத ஆள் கிடையாது. சபை பாஸ்டரே ஒருநாள் வீட்டுக்கு வந்து விசாரித்தார். அன்றைக்கு நான் ஒரு ஆல்பத்தைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"ஏம்மா, நீங்களே வாணாம்னு விட்டுட்டீங்க. அப்பறம் ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்குப் போட்டு வுடறது நல்லாவா இருக்கு?"

"ஐயா, தங்கத்ததானே வாணாம்னு சொல்றோம்? இது பித்தளைங்க. மேல மட்டும் சும்மா பேருக்குத் தங்கம்."

"அலங்காரம் அலங்காரந்தானேம்மா."

"நான் அலங்காரம் பண்ணலீங்கய்யா. பாத்துக்கறேன். ஆஸ்பத்திரில ஆயா வேல பாக்கறவங்க இருக்காங்க இல்ல, அந்த மாதிரி."

பாஸ்டர் காபியைக் குடித்துவிட்டு ஜெபம் செய்தார். ஜெபத்தில் வீட்டைச் சொன்னார், பிள்ளைகளைச் சொன்னார், தொழிலை மட்டும் விட்டுவிட்டார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, முடிந்ததும் அவர் கையிலிருந்த டம்ளரை அவசரமாக வாங்கினார். அதன் அடியில் காபி சொட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே நாற்காலிக் கையில் ஒரு ஒட்டியாணம் காற்றாடிக்கொண்டிருந்தது.

ஆம், நகைகள் காற்றாடும். ஒரு கல்யாணத்தில் இருந்து திரும்பிய செட்டு அடுத்த கல்யாணத்துக்கு உடனே போகாது. முதலில் வேட்டித் துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைப்பார். வேட்டி குறைந்தது ஐந்து வருடம் கட்டியதாக இருக்க வேண்டும். புதுத் துணி கீறிவிடுமாம். துண்டு வைத்துத் துடைத்தால் அது கொலை. பிறகு நிழலில் ஒரு மணி நேரம். பிறகு ஒவ்வொன்றையும் பஞ்சு சுற்றி, தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுவார். ஆரமும் நெக்லஸும் ஒரே கவரில் படுக்கக் கூடாது. "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கும். அக்கா தங்கச்சி மாதிரி" என்பார். அப்புறம் அந்தச் செட்டுக்கு ஒரு வாரம் லீவு. கல்யாண சீசனில் எவ்வளவு கெஞ்சினாலும் லீவு லீவுதான்.

கவருக்குள் ஈரம் இழுக்க ஒரு பொட்டலம் போடுவார். புதுச் செருப்பு டப்பாவுக்குள் 'தின்னக்கூடாது' என்று எழுதி, குருணை மாதிரி மணி போட்ட ஒரு பொட்டலம் இருக்குமே, அது. அதற்காகக் கடைத்தெருவில் இருந்த செருப்புக் கடைகளுக்கெல்லாம் போவார். செருப்பு வாங்க மாட்டார். செருப்பு வாங்க வந்தவர்களின் அருகில் நிற்பார். அவர்கள் காலை நுழைத்துப் பார்த்து, விலையைக் கேட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கையில், "நல்லாதான் இருக்கு, எடுத்துக்கோங்க" என்பார். அவர்கள் டப்பாவைத் திறந்ததும், "அத்த மட்டும் குடுத்துடுங்க" என்று கையை நீட்டுவார். ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "அந்தம்மா நிக்கற நாள்ல யாவாரம் ஜாஸ்திம்மா. வரலன்னா நாங்களே போன் பண்றோம்."

செட்டு எடுக்க வரும் பெண்களை அவர் கேள்வி கேட்பதைப் பார்க்க வேண்டும். பெண்ணும் அம்மாவும் வந்து பாயில் உட்காருவார்கள். டிசைன் காட்டுவார் என்று எதிர்பார்ப்பார்கள். அவர் பெண்ணின் கழுத்தைக் கூர்ந்து பார்ப்பார்.

"வேர்க்குமா?"

பெண் நெளியும்.

"வெக்கப்படாத. ஜாஸ்தியா, கம்மியா?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்க்கா."

"சென்ட் அடிப்பியா?"

"கல்யாணத்தன்னிக்கு அடிக்காம..."

"அடிச்சிக்க. பொடவயில அடி, கழுத்துல வாணாம். அடிச்சிக் கா மணி நேரம் கழிச்சிதான் என்கிட்ட வரணும். பவுடர், எண்ண, சென்ட், எல்லாம் முடிஞ்சி கடேசியாத்தான் நக ஏறும். எறங்கும்போது மொதல்ல எறங்கும். சரியா?"

பெண் தலையாட்டும். அதற்குப் பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி மூன்றாவது கேள்வியைக் கேட்பார்.

"இது கவரிங்னு மாப்பிள வூட்டுக்குத் தெரியுமா?"

இதற்கு அந்த அம்மா சட்டென்று பதில் சொன்னால் பீரோ திறக்கும். ஒரு நொடி தயங்கி மகளின் முகத்தைப் பார்த்தால், "செட்டு எதுவும் காலி இல்லீங்களே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வாடகையைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்றாலும் அசைய மாட்டார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் சின்னசேலத்தில் கல்யாணம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எந்தங்கச்சி கல்யாணம். நாங்க சபைக்குப் போறதுக்கு முன்னாடி. சித்திர மாசம், நல்ல வெயிலு. யார்கிட்டயோ எரவல் வாங்கின கவரிங்கு. எங்கம்மா அத்த சோப்பு போட்டுத் தேய்தேய்னு தேய்ச்சி பளபளன்னு வெச்சிருந்தாங்க. அவங்களுக்குத் தெரியல பாவம். மாப்பிள வூட்ல தங்கம்னு சொல்லி வெச்சிருந்தாங்க. பந்தியில உக்காரும்போது பாத்தா, கழுத்தச் சுத்தி பச்சையா ஒரு கோடு. அவங்க வூட்டுப் பொம்பள ஒருத்தி, 'பொண்ணுக்குப் பாசி புடிச்சிக்கிச்சிடீ'ன்னா. பந்தி மொத்தமும் சிரிச்சிது."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"எந்தங்கச்சிக்கு இப்ப நாப்பத்திமூணு வயசு. இன்னிக்கு வரைக்கும் பச்சப் பொடவ கட்டறதில்ல" என்றார். பிறகு சீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் கம்மலைப் பார்த்துவிட்டு, "அதுவும் போச்சி. தல குளிக்கும்போது கழட்டறதில்ல" என்று முனகினார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் உண்டு. அப்போது எல்லாருக்கும் அருவியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை பிடித்திருந்தது. ரிஷிவந்தியத்துப் பெண் ஒருத்தி, கல்வராயன் மலையில் பெரியார் அருவியின் முன்னால் முழு நகையோடு நிற்க வேண்டும் என்றாள். செட்டோடு அக்காவும் வேனில் ஏறிக்கொண்டார். மலை ஏறும்போதே வேன் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். பனி உள்ளே வருகிறதாம். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவனுக்கு மூச்சுமுட்டி வாந்தி வந்தது.

அருவியை நெருங்கியதும் சாரல். நான் பெண்ணை நிற்கவைத்துக் கேமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் அக்கா ஓடிப்போய் ஆரத்தைக் கழற்றிவிட்டார். நான் இடத்தை மாற்றினேன். காற்று திரும்பியது. நெக்லஸும் போனது. இன்னும் தள்ளி நிறுத்தினேன். ஒட்டியாணம் போனது. கடைசியில் அருவி பின்னால் தெரிய, பெண் வெறுங்கழுத்தோடு நிற்க, ஓரத்தில் அக்கா நகைகளை முந்தானைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிவந்தவர் மாதிரி நிற்க, அந்தப் படம்தான் கிடைத்தது. பெண்ணின் மாமா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, எழவு வூட்டுப் போட்டோ மாதிரி இருக்கு" என்று கத்தினார்.

நான் அக்காவிடம் போய்க் கத்தினேன். "ஒரு அஞ்சி நிமிஷம் நனஞ்சா இன்னாக்கா ஆயிடும்?"

"ஒன் கேமராவ அஞ்சி நிமிஷம் தண்ணில வெக்கறியா?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தோம்.

அந்தச் சண்டை தீர்ந்தது வெள்ளிமலையில் நடந்த ஒரு கல்யாணத்தில். அவரைப் பற்றி யாரிடம் சொன்னாலும் நான் அந்தக் கல்யாணத்தைத்தான் சொல்வேன்.

பெண் களமருதூர். அப்பா குத்தகைக்கு நெல் பயிரிடுபவர். மாப்பிள்ளை வீடு மலை மேல், வெள்ளிமலையில். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா அங்கே மளிகைக்கடை நடத்தி மகனை ஆளாக்கியவர். கனத்த உடம்பு, கனத்த குரல். கடையில் நின்று நின்று பழகியதாலோ என்னவோ, எதைப் பேசினாலும் எதிரில் தராசு இருப்பதுபோல் விரலை மேலும் கீழும் ஆட்டிப் பேசுவார். கல்யாணம் மாப்பிள்ளை ஊரிலேயே, ஒரு சின்ன மண்டபத்தில்.

செட்டு எடுக்கப் பெண்ணின் அப்பாதான் வந்திருந்தார். மூன்றாவது கேள்விக்கு, "தெரியுங்க, எல்லாம் சொல்லியாச்சிங்க" என்று கண்ணிமைக்காமல் பதில் சொன்னாராம். ஆண்பிள்ளைகள் வந்து கேட்பது குறைவு. அக்காவுக்கு அம்மாக்களின் முகத்தைப் படிக்கத் தெரியும். அப்பாவின் முகம் அவருக்குப் புதுசு.

முகூர்த்த நேரம் காலை ஏழரை. வெளியே பனி மூட்டம். மேடையில் பெண் உட்கார்ந்தாயிற்று. நான் எதிரே கேமராவோடு. அக்கா வழக்கம்போல் மேடையின் ஓரத்தில், ஐயருக்குப் பக்கத்தில், வேட்டித் துணியோடு நின்றார். நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றிக்கொண்டிருந்ததால் மண்டபம் அமைதியாக இருந்தது. அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். வாசலில் வருபவர்களுக்குத் தெளித்து மீந்ததை எல்லாம் மணமக்கள் மேல் கொட்டிவிடுவது என்ற உற்சாகத்தில் செம்பை ஓங்கினார்.

"ஐயையோ, பன்னீர் வாணாங்க! கவரிங்கு கறுத்துப்பூடும்!"

ஐயருக்கு வைத்திருந்த மைக் அக்காவின் வாய்க்கு நேரே இருந்தது. மண்டபத்தில் நாலு ஸ்பீக்கர், வாசலில் இரண்டு. வெள்ளிமலை பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஓங்கிய செம்போடு பெரியப்பா அப்படியே நின்றார். நான் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். மனிதர் தலையைக் குனிந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

முன் வரிசையில் இருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "சம்மந்தி, ஏழு பவுன்னு சொன்னீங்க."

சம்மந்தியின் தலை நிமிரவில்லை.

"பொண்ண ரூமுக்குக் கூட்டியாங்க. நக போட்டு வுட்டவங்களும் வாங்க. வேற யாரும் வரக்கூடாது."

நானும் அந்த 'வேற யாரும்'தான். ஆனால் கேமரா கையில் இருந்தால் யாரும் நம்மை ஆளாகக் கணக்கெடுப்பதில்லை. உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

கதவைச் சாத்தியதும் அந்த அம்மா கேட்டார். "இதுல எது தங்கம்?"

அக்கா மறைக்கவில்லை. "ஒண்ணுமில்லீங்கம்மா. எல்லாம் என்னுது."

பெண் அழவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஏழு பவுனு இருந்துச்சி அத்த. அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப போயிடுச்சி. ஒங்ககிட்ட சொல்லிடலாம்னு நான் சொன்னேன். கல்யாணம் நின்னுபூடும்னு அப்பா பயந்துட்டாரு."

"பயந்தா? பயந்தா பொய் சொல்லுவாரா? என்னைப் பாத்தா நகைக்குப் பேயா அலையறவ மாதிரி இருக்கா? இப்ப ஊரே பாத்து சிரிக்குது. மைக்ல சொல்லிட்டாங்க, மைக்ல!"

அவர் கோபம் ஏற ஏற, கை தன் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்து இழுத்துத் தேய்த்தது. நெற்றியில் இருந்து வேர்வை இறங்கிக் கழுத்தில் ஓடியது. அந்தக் கையையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரியும், அவரால் முடியாது.

"அம்மா, கோச்சிக்காதீங்க. நான் பண்ணது தப்புதான். ஆனா செயின அப்பிடிப் போட்டுத் தேய்க்காதீங்க."

"இன்னா?"

"கொக்கிகிட்ட செவப்புத் தெரிய ஆரம்பிச்சிடுச்சி. இப்பிடியே போனா இன்னும் ஒரு மாசந்தான் தாங்கும்."

அந்த அம்மாவின் கை செயினை விட்டுவிட்டுக் கழுத்தை மூடியது. ஊரில் எல்லாரும் நாலு பவுன் என்று நம்பியிருந்த செயின். அவர் மெதுவாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"எம் புள்ளைக்கே தெரியாது. அவங்க அப்பா போனப்பவே அது போயிடுச்சி. கடைல நிக்கறவ வெறுங்கழுத்தோட நின்னா சரக்குப் போடறவன் மதிக்க மாட்டான்."

"கழட்டுங்க" என்றார் அக்கா.

"இன்னாத்துக்கு?"

"கழட்டிக் குடுங்கம்மா. பாக்கறேன்."

அவர் கழற்றிக் கொடுத்தார். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் செயினைப் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இத்த இன்னா போட்டுக் கழுவறீங்க?"

"சோப்புதான்."

"சோப்பு மட்டுமா?"

"எப்பவாச்சும் பல்பொடி."

"பல்பொடியா!"

முகூர்த்தம் நின்றபோதுகூட அக்கா அப்படி அலறவில்லை. கதவுக்கு வெளியே இருந்தவர்கள் அடிதடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள்.

"இருங்கடா, வரோம்!" என்று உள்ளேயிருந்து அந்த அம்மாவே அதட்டினார்.

அக்கா தரையில் உட்கார்ந்துகொண்டார். மணப்பெண் செயினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கண்ணி கண்ணியாகத் துடைத்துக்கொண்டே பேசினார். "சோப்பு வாணாம், பொடி வாணாம். தண்ணியே காட்டாதீங்க. சாயங்காலம் கட சாத்தினதும் கழட்டிக் காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. ஒத்தணும், தேய்க்கக் கூடாது. படுக்கும்போது கழுத்துல இருக்கக் கூடாது." மேக்கப் பெட்டியில் இருந்து நிறமில்லாத நகப்பாலிஷை எடுத்தார். பல்லிளித்த கொக்கியின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, வாயால் ஊதக் கூடாது என்று தடுத்து, விசிறிக் காற்றில் காட்டினார். மறுபடி வெளியே தட்டினார்கள். ஐயரின் குரல், நேரம் போகிறது என்றது.

"காயணுங்க!" என்றார் அக்கா.

காய்ந்த பிறகு செயினைப் போட்டுவிட்டு, கொக்கி பின்னால் கொண்டைக்கு அடியில் மறைகிற மாதிரித் திருப்பி வைத்தார். அந்த அம்மா கண்ணாடியில் பார்த்தார். பெண்ணும் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்தாள். இருவர் கண்களும் கண்ணாடிக்குள் சந்தித்தன. முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் கேமராவைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் அந்த அம்மா மைக்கைத் தேடிப் பிடித்தார்.

"பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. அவ கழுத்துல கெடக்கறது இன்னான்னு பேசிக்கினு யாராவது எங்கடைக்கு வந்தீங்கன்னா உப்பு கூடக் கெடைக்காது. மேளத்தத் தட்டுப்பா." பிறகு மைக்கை மூடாமலே பெண்ணின் அப்பாவிடம், "பொய் சொன்னதுக்கு ஒங்ககிட்ட அப்பறமா இருக்கு" என்றார். அதுவும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கும்.

தாலி ஏறியது. பெரியப்பாவின் கையில் இருந்த பன்னீர்ச் செம்பை யாரோ வாங்கிக் கழிவறைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு மாதம் கழித்து. கச்சிராயபாளையம் வரைக்கும் மடியில் இருந்த வேட்டித் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒரு குடும்பத்தை நடுமேடையில் நிறுத்திவிட்டோமே என்று வருந்துகிறார் என்று நினைத்தேன். ஆறுதலாக, "போவட்டும்க்கா, நல்லபடியாத்தானே முடிஞ்சிது" என்றேன்.

"அதில்ல. ஒரு மாசந்தான் தாங்கும்னு சொல்லிட்டேன். தப்பு. ஒழுங்கா வெச்சிக்கினா ஒரு வருஷம் வரும்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பொண்ணு செயினப் புடிச்சிக்கினு இருந்திச்சே, கையே நடுங்கல பாத்தியா? நல்ல பொண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிமலை அம்மா மாதம் ஒருமுறை சரக்கு எடுக்கக் கள்ளக்குறிச்சி இறங்கும்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்தார். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஏதோ சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். உள்ளே நடந்தது பரீட்சை. செயினைக் கழற்றி பாயில் வைப்பார். அக்கா பார்த்துவிட்டு, "போன வாரம் மழைல நனஞ்சீங்களா?" என்பார். "ரெண்டே நிமிஷம்" என்று அந்தக் கனத்த குரல் கெஞ்சும். ஒரு மாதம்தான் தாங்கும் என்று சொன்ன செயின் நாலு வருடம் தாங்கியது.

பிறகு ஓசூரில் இருக்கும் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அக்கா அங்கேயே போய் இருப்பது என்று முடிவாயிற்று. போவதற்கு முன் என்னை வரச்சொன்னார். பீரோ திறந்திருந்தது. இருபத்திமூன்று செட்டும் வரிசையாகப் பாயில் இருந்தன. எனக்கு ஒன்று தரப்போகிறார் என்று மனசு துள்ளியது. கல்யாணத்துக்கு எடுத்துப்போனால் எனக்கும் கூடுதலாக ஒரு தொழில். மயில் பதக்கம் வைத்த செட்டு மேல் எனக்கு வெகுநாளாகக் கண்.

"உக்காரு. வேர்க்குமா ஒனக்கு?"

"இன்னாக்கா கேள்வி இது? கல்யாண வூட்ல ஓடறவளுக்கு வேர்க்காதா?"

"சென்ட் அடிக்கறியா?"

"அடிக்காம எப்பிடிக்கா?"

"வூட்டுக்குப் போனதும் கேமராவத் தொடச்சி வெப்பியா, அப்பிடியே போட்டுட்டுப் படுப்பியா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். இருபது வருடம் அம்மாக்களின் முகத்தைப் படித்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். "படுத்துடுவேன்க்கா" என்றேன்.

"அப்ப வாணாம்" என்றார்.

இருபத்திமூன்று செட்டும் வெள்ளிமலைக்குப் போயின. எனக்கு வந்த கோபத்தில், "மல மேல ஈரம் ஜாஸ்திக்கா. அங்க போய் எல்லாம் கறுத்துப்பூடும் பாரு" என்றேன்.

"ஈரம்னா அந்தம்மா பயப்படுது. பயப்படறவங்க கைல இருந்தா ஒண்ணும் ஆவாது. நீ எதுக்குமே பயப்படமாட்டேங்கற."

இன்றைக்கு மலையில் கல்யாணம் என்றால் செட்டு அந்த மளிகைக்கடையில்தான். அந்தக் களமருதூர்ப் பெண் மேடையோரம் துணியோடு நிற்கிறாள். மாமியார் கடையில் இருந்தபடி கேள்வி கேட்கிறார். அக்காவைவிட மோசம். பெண்ணின் அம்மாவிடம் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் போட்டு விசாரிக்கிறாராம்.

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளிமலையில் இறங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை கொட்டியது. நிழற்குடைக்குள் ஆடுகளும் ஆட்களுமாக நிறைந்திருந்தது. வெளியே ஓரமாக நின்று கேமராப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓசூரில் இருந்து அக்கா. பின்னால் இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தன.

"ஏ கேமரா, மல மேல மழைன்னு டிவில காட்டறான். எங்க இருக்க நீ?"

"வெள்ளிமலைலதான்க்கா. நல்ல மழ."

"அந்தம்மா கவரெல்லாம் நல்லா மூடி வெச்சிருக்குமா?"

"நான் இன்னும் கடைக்கே போவலக்கா. இப்பதான் பஸ்ஸு வுட்டு எறங்கினேன்."

"கேமராவுக்கு ஒற போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா. ரெண்டு ஒற."

எதிர்முனையில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது. தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒனக்கு?" என்றார்.

தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடி, கூட்டத்தை இடித்துக்கொண்டு நிழற்குடைக்குள் நுழைந்தேன்.